காற்று நின்ற தேதி

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நடுரோட்டில் நின்று என் மொபெட்டை மறித்தார் சவரியம்மாள்.

கழுகுமலை ரோட்டிலிருந்து பிரிந்து உள்ளே மூன்று கிலோமீட்டர் போனால் அவர் ஊர். எங்கள் துணை சுகாதார நிலையமும் அங்கேதான். கிராம சுகாதார செவிலியரை ஒருவர் நடுரோட்டில் மறித்தால் என்ன அர்த்தம்? என் கை தானாக மருந்துப் பைக்குப் போனது. காய்ச்சலா, பேதியா, யாருக்காவது வலி எடுத்துவிட்டதா?

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சிஸ்டர். அந்த நோட்டு கொண்டாந்திருக்கீங்களா?"

எந்த நோட்டு என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே பக்கத்தில், இதே இடத்தில், அந்த நோட்டைப் பற்றி நான் அளந்த அளப்பு உங்களுக்கு நினைவிருக்கும். நீங்களும் சும்மா இருந்தீர்களா? கடிதம் கடிதமாக எழுதிப் பாராட்டினீர்கள்.

அன்று வாசிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தினமும் போக வர முப்பத்திரண்டு கிலோமீட்டர் மொபெட்டில் போகிற பொம்பளை நான். வழியில் கண்ணில் படுவதை எல்லாம் ஒரு நீளநோட்டில் எழுதி வைக்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால், செயின் கழன்று, கருவேல மர நிழலில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டி வந்தபோது ஆரம்பித்த பழக்கம். அன்றைக்கு ஒரு கீரி என்னைக் கடந்து போய், திரும்பி நின்று, ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆள் இல்லை. எழுதிவிட்டேன்.

அதிலிருந்து விடவில்லை. என் நோட்டில் அறிவியல் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். 'பனங்காடை, கரண்டுக் கம்பியில். ஹாரன் அடித்தும் அசையவில்லை. பறந்தபோது இறக்கையில் அத்தனை நீலம்.' 'கௌதாரி அம்மா, பதினொரு குஞ்சு. ரோட்டைக் கடக்க நாலு நிமிஷம். பின்னால் வந்த மினிபஸ்ஸும் நின்றது, டிரைவர் நல்ல மனுஷன்.' 'மண்வெடிப்பின் ஆழம் பார்க்கப் பேனாவை விட்டேன். பேனா போய்விட்டது.' இந்த லட்சணத்தில்தான் இருக்கும்.

ஆனால் காற்றை மட்டும் ஒழுங்காக எழுதுவேன். ஏனென்றால் ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் மேலக்காற்றோடு மல்லுக்கட்டித்தான் நான் வேலைக்குப் போக வேண்டும். அதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறேன். முந்தானை ஹேண்டில்பாரைச் சுற்றினால் லேசான காற்று. மொபெட் ரோட்டை விட்டு இறங்கினால் நடுத்தரம். இறங்கி உருட்டிக்கொண்டு போனால் பலத்த காற்று. புரட்டாசியில் ஒரு நாள் திடீரென்று எல்லாம் அடங்கிப்போகும். மொபெட் நேராகப் போகும். அன்றைக்கு எனக்கு ஒரே கொண்டாட்டம்... 'காற்று நின்றது' என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போடுவேன்.

சவரியம்மாளுக்கு அந்தக் கோடு போட்ட தேதிதான் வேண்டுமாம்.

"மேலக்காத்து நின்ன தேதி ஒங்க நோட்டுல இருக்குதாம்லா? டீக்கடை அண்ணாச்சி பேப்பர்ல வாசிச்சாவ. மழ வந்த தேதியெல்லாம் எனக்கே தெரியும், அது மறக்குமா? காத்து நின்ன தேதியத்தான் ஒருத்தரும் வச்சுக்கிட மாட்டேங்காவ. நின்னா, அப்பாடான்னு சொல்லிட்டுப் போயிருதோம்."

அவருக்கு மூன்று ஏக்கர் காடு. எங்கள் பக்கம் காடு என்றால் மரம் கிடையாது, விளைநிலம். வீட்டுக்காரர் கட்டட வேலைக்கு வெளியூர் போய்விட, விதைப்பு முதல் அறுப்பு வரை எல்லாம் இவர் தலையில்தான். போன வருஷம் விளைந்ததில் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, சாம்பல் கலந்து வைத்திருந்த உளுந்து விதை ஒரு சின்ன மூட்டை வீட்டில் இருந்தது. மூன்று ஏக்கருக்குச் சரியாக வரும். தப்பிப்போனால் மறுபடி விதைக்க ஒரு கைப்பிடி கிடையாது.

தப்பிப்போவதா? அதில்தான் சங்கதியே இருக்கிறது. கரிசல் மண் நனைந்தால் பசை. மழை பெய்யட்டும், பிறகு விதைக்கலாம் என்று உட்கார்ந்திருந்தால் டிராக்டர் காட்டுக்குள் இறங்காது. ஆகவே மழைக்கு முன்பே, வெறும் புழுதியில் விதையைப் போட்டு உழுது மூடிவிட்டு, வானத்தைப் பார்க்க வேண்டும். ரொம்ப முந்திக்கொண்டாலும் வம்பு. நடுவில் ஒரு சில்லறைத் தூறல் விழுந்து விதையை முளைக்க வைத்துவிட்டுப் போய்விடும். பிறகு பத்து நாள் வெயில். முளைத்தது எல்லாம் கருகிப் போகும்.

சவரியம்மாள் இரண்டையும் பார்த்தவர். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இவர் காத்திருந்தார், மழை முந்திக்கொண்டது. காடு தரிசாகக் கிடந்தது. போன வருஷம் இவர் முந்திக்கொண்டார். தூறல் விழுந்து, முளைத்துக் கருகி, விதை வாங்கி மறுபடி போட்டார்.

"இந்த வருசம் காத்து நின்னு இன்னையோட அஞ்சு நாள். நின்னு எத்தன நாள்ல மழ வருதுன்னு ஒரு கணக்குத் தெரிஞ்சிட்டா போதும் சிஸ்டர்."

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? உச்சி குளிர்ந்துவிட்டது. என் கிறுக்கலுக்கு ஒரு விவசாயியிடம் வேலை இருக்கிறது! கௌதாரியும் கீரியும் எழுதிக்கொண்டிருந்தவளுக்கு இது போதாதா? பக்கத்திலேயே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டோம்.

டீக்கடை அண்ணாச்சி என் கட்டுரையைக் கத்தரித்து, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியே வைத்திருந்தார். "நாலு வருசமா ஒரு நாள் விடாம எழுதுதாவ, சும்மாவா?" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லி, எனக்கு ஒரு டீயும் கொடுத்தார்.

கணக்குப் பார்த்தோம். சவரியம்மாள் மழைத் தேதியைச் சொல்வார், நான் காற்றுத் தேதியைத் தேடிப் படிப்பேன். முதல் வருஷம், காற்று நின்று பதினேழாம் நாள் மழை. இரண்டாம் வருஷம், இருபத்திரண்டு. போன வருஷம் பத்தொன்பது. போன வருஷப் பக்கத்தில் நடுவே ஒரு வரி இருந்தது. 'சாயங்காலம் தூறல். மண் வாசனை. ஆஹா, ஆஹா!' இரண்டு ஆஹா போட்டிருந்தேன். உற்சாகத்தில் அதையும் வாசித்துத் தொலைத்தேன்.

சவரியம்மாள் சிரித்தார். "அந்த வாசனதான் சிஸ்டர் எம் பயிரக் கொன்னுச்சு."

மீதி இருந்தது முந்தின வருஷம். மழை முந்திக்கொண்ட வருஷம். பக்கத்தைப் புரட்டி, கோடு போட்ட வரியைப் பார்த்து, தேதியைப் படித்தேன். அவர் விரல் விட்டு எண்ணினார்.

"எட்டு நாள்தான். நின்னு எட்டே நாள்ல வந்திருக்கு... அதான் நான் அன்னைக்கு ஏமாந்துட்டேன். அப்பம் எட்டு நாள்லயும் வரும். இன்னைக்கு அஞ்சு. நாளைக்கே போட்டுற வேண்டியதுதான்." எழுந்துவிட்டார். அண்ணாச்சியிடம், டிராக்டருக்குச் சொல்லியனுப்பச் சொன்னார்.

அப்போதுதான் நான் அந்தப் பக்கத்தை ஒழுங்காகப் பார்த்தேன்.

பத்து நாள். பத்தும் ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வு. எழுத்து முத்து முத்தாக இருந்தது. மொபெட் சீட்டில் வைத்து எழுதினால் எனக்கு அப்படி வராது. முந்தின வருஷம் புரட்டாசியில் என் மகளுக்குப் பிரசவம். பத்து நாள் நான் மதுரையில் இருந்தேன். நோட்டு கோவில்பட்டியில், என் வீட்டு அலமாரியில் இருந்தது.

திரும்பி வந்த அன்று, காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரே உட்காரலில் பத்து நாளையும் எழுதினேன். எப்படி என்று கேட்கிறீர்களா? எங்கள் வேலையில் டூர் டைரி என்று ஒன்று உண்டு. எந்தத் தேதியில் எந்த ஊருக்குப் போனோம், என்ன செய்தோம் என்று தினமும் எழுத வேண்டியது. மாதக் கடைசியில், மீட்டிங்குக்கு முந்தின நாள், முப்பது நாளையும் ஒரே மூச்சில் எழுதுவதில் நாங்கள் கெட்டிக்காரர்கள். போகாத ஊருக்குப் போனதாக எழுத மாட்டோம். ஆனால் காலிப் பக்கம் இருக்கக் கூடாது. காலிப் பக்கம் இருந்தால் கேள்வி வரும், கேள்விக்குப் பின்னாலேயே மெமோ வரும். இருபது வருஷமாகக் கை அதற்குப் பழகிவிட்டது.

என் சொந்த நோட்டுக்கு யார் மெமோ கொடுக்கப் போகிறார்கள்? ஒருவரும் கிடையாது. ஆனாலும் பத்து காலி நாள் என் கண்ணை உறுத்தியது. நிரப்பிவிட்டேன். இரண்டு கௌதாரி, ஒரு பனங்காடை, கிழக்கே மேகம். நடுவில், சும்மா ஒரு அழகுக்காக, 'காற்று நின்றது.' அடியில் கோடு.

ஆக, நாலு வருஷம் ஒரு நாள் விடாமல் என்று உங்களிடம் பெருமையடித்தேனே... அதில் பத்து நாள் பொய். மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்களிடம் சொல்வது சுலபம். சவரியம்மாளிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

சொல்லவில்லை. சுவரில் என் கட்டுரை. பெஞ்சில் நாலு பேர். கையில் ஓசி டீ. 'நேரமாச்சுக்கா' என்று சொல்லிவிட்டு மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன். அன்றைக்கு இரண்டு பேருக்கு ரத்த அழுத்தம் பார்த்தேன். என்னுடையதைப் பார்த்திருந்தால் கருவி உடைந்திருக்கும்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அவர் பேப்பரை மடக்காமலே, "எட்டு நாள்ல மழை வந்துட்டா ஒனக்கு நல்ல பேருதான?" என்றார். வராவிட்டால்? "காலையில போய்ச் சொல்லிரு. எதுக்கும் பயிர்க் காரியம்" என்றார். இதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது எனக்கு.

மறுநாள் புதன்கிழமை, தடுப்பூசி நாள். அரை மணி நேரம் முன்னாலேயே கிளம்பிப் போனேன். ஊருக்குள் நுழையும் முன்பே டிராக்டர் சத்தம் கேட்டது. சவரியம்மாள் முன்னால் விதையை வீசிக்கொண்டே நடக்க, பின்னால் டிராக்டர் புழுதி கிளப்பிக்கொண்டு உழுது மூடிக்கொண்டிருந்தது. அவர்கள் விடியற்காலையிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். மேற்கோரத்து ஏக்கர் முடிந்துவிட்டது.

வரப்பில் மொபெட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். ஐம்பது வயதில், யூனிஃபார்ம் புடவையில், உழுத காட்டுக்குள் ஓடியது அதுதான் முதல் தடவை.

"அக்கா, நிறுத்தச் சொல்லுங்க."

சவரியம்மாள் டிராக்டர்காரரிடம் கையைக் காட்டினார். "அண்ணாச்சி, செத்த நிப்பாட்டுங்க. என்ன சிஸ்டர், யாருக்கு என்ன?"

சொன்னேன். மதுரை, மகள் பிரசவம், அலமாரியில் இருந்த நோட்டு, காபி, எல்லாவற்றையும் சொன்னேன். டிராக்டர்காரர் இஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அணைக்காமல் இருந்திருக்கலாம்.

சவரியம்மாள் மடியில் இருந்த விதையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்பம் காத்து அன்னைக்கு நிக்கலையா?"

"எப்ப நின்னுச்சுன்னு எனக்குத் தெரியாதுக்கா. நான் இங்க இல்ல."

"தெரியாதத எதுக்கு எழுதுனீங்க?"

"காலியா இருக்கேன்னு..."

"ஊசி போட்டேன்னு எழுதிட்டுப் போடாம இருந்தா, புள்ள என்னத்துக்கு ஆவும் சிஸ்டர்?"

"ஐயோ அக்கா, அந்த ரிஜிஸ்டர்ல நான் ஒரு நாளும் அப்படி எழுதுனதில்ல. அது வேற."

"எது வேற?"

குரலை உயர்த்தவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். ஒரு ஊசிக்கும் ஒரு மூட்டை விதைக்கும் என்ன வித்தியாசம் என்று அந்தக் காட்டில் நின்று யோசித்தால், ஒன்றும் தோன்ற மாட்டேன் என்கிறது. என் வாழ்க்கையில் எத்தனையோ டாக்டரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். எதற்கும் அப்படி வெட்கப்பட்டதில்லை.

அவர் வரப்பில் போய் உட்கார்ந்தார். "நோட்ட எடுங்க. அந்தப் பத்து நாளயும் அடிங்க."

அடித்தேன்.

"என்ன எழுதுவீங்க இப்பம்?"

"பாக்கலன்னு எழுதுதேன்."

"அப்படி எழுதுங்க. மத்த மூணு வருசமும் நெசந்தான? பதினேழு, இருவத்திரண்டு, பத்தொம்பது." விரலை மடக்கினார். "அப்பம் பதினாலாம் நாள் போட்டாப் போதும். போட்டத ஒண்ணும் செய்ய முடியாது, புழுதியில போயி பொறுக்கவா முடியும்? ஒரு ஏக்கர் ஒங்க பொய்க்கு, ரெண்டு ஏக்கர் ஒங்க நெசத்துக்கு." டிராக்டர்காரரைப் பார்த்து, "நீங்க போயிட்டு அடுத்த வியாழக்கெழம வாங்க அண்ணாச்சி" என்றார்.

அதற்கப்புறம் என்னோடு பேசாமல் இருந்தாரா என்று கேட்டால், இல்லை. வெள்ளிக்கிழமை, அதாவது காற்று நின்ற எட்டாம் நாள், அவரே சுகாதார நிலையத்துக்கு வந்துவிட்டார். மத்தியானம் மேற்கே கருமேகம் திரண்டு நின்றது. இடி வேறு. இரண்டு பேரும் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தோம். பெரிய மழையாக வந்தால் விதைக்காத இரண்டு ஏக்கர் போச்சு. சின்னத் தூறலாக வந்தால் விதைத்த ஒரு ஏக்கர் போச்சு. இந்தக் கரிசல் பூமியில் மழை வேண்டாம் சாமி என்று வேண்டிக்கொண்ட மகராசிகள் அன்றைக்கு நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம்.

சொட்டுச் சொட்டாக விழுந்தது. மொபெட் சீட்டில் விழுந்ததை எண்ணினேன், பதினொன்று. நின்றுவிட்டது. சவரியம்மாள் வாசலுக்கு வெளியே போய் மண்ணில் விரலை விட்டுப் பார்த்தார். "நகம்கூட நனையல." அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்சம் அழுகையும் வந்தது, அதை மறைப்பானேன்?

நோட்டில் எழுதினேன். 'எட்டாம் நாள். பதினொரு சொட்டு.' ஆஹா போடவில்லை.

அதன் பிறகு என் நோட்டே மாறிப்போனது. முன்பெல்லாம் மேகம் என்று எழுதினால் அதன் நிறத்தைப் பற்றி நாலு வரி எழுதுவேன். இப்போது அது எந்தக் காட்டுக்கு மேலே நிற்கிறது என்று பார்க்கிறேன். புறா என்றால், ஐயோ, மேற்கோரத்து ஏக்கரில் உட்கார்ந்துவிட்டதா என்று பதறுகிறேன். நிஜமாகச் சொல்கிறேன், இந்த மூன்று வாரம் நான் பார்த்த அளவுக்கு நாலு வருஷத்திலும் பார்த்ததில்லை. ஒரு நாள் தலைவலி, லீவு போட்டுவிட்டேன். 'வெளியே போகவில்லை. ஒன்றும் பார்க்கவில்லை' என்று எழுதினேன். அந்த வரியை எழுத எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பதினாலாம் நாள் மீதி இரண்டு ஏக்கரும் விதைத்தார். பதினெட்டாம் நாள் மத்தியானம் ஆரம்பித்த மழை மறுநாள் காலையில்தான் விட்டது. ரோடு, ஓடை, என் செருப்பு எல்லாம் ஒரே சேறு. மொபெட்டைக் கழுகுமலை ரோட்டிலேயே விட்டுவிட்டு, மூன்று கிலோமீட்டர் நடந்துபோனேன். ஒவ்வொரு காலிலும் ஒரு கிலோ கரிசல் மண். அப்படி ஒரு சந்தோஷமான நடை நான் நடந்ததே இல்லை. வழியில் டீக்கடை அண்ணாச்சியிடம், சுவரில் இருந்த கட்டுரையை எடுத்துவிடச் சொன்னேன். "அது கெடக்கட்டும் சிஸ்டர், பின்னால சுவத்துல காரை பேந்திருக்கு" என்றார்.

இந்தக் கதையை இரண்டு வாரம் முன்பே எழுதியிருக்கலாம். மழை வராமல் எழுத எனக்குத் தைரியம் இல்லை.

முந்தாநாள் சவரியம்மாள் கூப்பிட்டனுப்பினார். போனேன். வரப்பில் நின்றுகொண்டிருந்தார். மூன்று ஏக்கரும் முளைத்திருந்தது. ஈர மண்ணில், வரிசை இல்லாமல், இரண்டு இரண்டு இலையாக, எங்கே பார்த்தாலும் உளுந்து.

"முந்தி வெதச்ச ஏக்கரு எதுன்னு சொல்லுங்க பாப்போம்" என்றார்.

மேற்கோரம் என்று எனக்குத் தெரியும்தான். ஆனாலும் கண்ணால் பிரித்துப் பார்க்க முடிகிறதா என்று வரப்பு நெடுகிலும் நடந்து பார்த்தேன். குனிந்து பார்த்தேன். அதே உயரம், அதே பச்சை. எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று சத்தியமாகத் தெரியவில்லை.

"ஒண்ணும் வித்தியாசம் தெரியலக்கா. எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கு."

"ஒங்களுக்குத் தெரியாது சிஸ்டர். எனக்குத் தெரியும்." மேற்கே கையைக் காட்டினார். "அந்த ஒரு ஏக்கருக்கு மட்டுந்தான் நான் பன்னெண்டு நாள் தூங்கல."

நோட்டை எடுத்து, அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். அங்கேயே நின்று, அப்போதே.